நாலு வரிசை

அந்தப் பெண் வரப்பைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கோமதிசங்கருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"உமா, பாத்தியா? இதுதான் அந்த உலகம்மை."

"யாரா இருந்தா நமக்கென்ன? குற்றாலத்துல குளிச்சாச்சு. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தியையும் பாத்தாச்சு. ஒரு போட்டோ எடுங்க, கிளம்பலாம்" என்றாள் மனைவி.

கோமதிசங்கர் அப்படிக் கிளம்புகிற ஆள் இல்லை. சென்னையில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் யார் வண்டியை யார் இடத்தில் நிறுத்தினாலும் பஞ்சாயத்துக்கு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை என்ற பெருமை வேறு. அப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துகிற கஷ்டம் உமா மகேஸ்வரிக்குத்தான் தெரியும்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் டீக்கடைக்காரர் கதையைச் சொல்லியிருந்தார்.

"அந்தா தெரியுதுல்லா, ரெண்டு தோட்டம். நடுவுல ஒரே வரப்பு. அதுக்குப் பன்னெண்டு வருசமா கேசு நடக்கு. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியும் உலகம்மையும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாவ. இப்ப அண்ணாச்சி சாரல்ல வழுக்கி விழுந்து, காலை ஒடிச்சிக்கிட்டு வீட்டுல கெடக்காவ. பாவம், ஒண்டிக்கட்டை."

அப்படிக் கிடக்கிறவருடைய தோட்டத்துக்குள்தான் இப்போது உலகம்மை நிற்கிறாள். வலது கையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் முகத்தையும் தேய்த்துக்கொண்டே போகிறாள். துணி முழுக்க மஞ்சளாக ஏதோ பொடி.

"விளைஞ்ச பூவுல மருந்து தடவுறா உமா."

செல்போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்த பிறகுதான் அவர் குரல் கொடுத்தார்.

"என்னம்மா பண்றீங்க அங்க?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். துணி சுற்றிய கை முந்தானைக்குள் போனது.

"ஐயா, நீங்க அண்ணாச்சிக்குச் சொந்தமா?"

"யாரா வேணா இருக்கேன். இது உங்க தோட்டமா?"

"இல்ல."

"நீங்க இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது." அவள் பார்வை செல்போனிலேயே இருந்தது. "கும்பிடுதேன் ஐயா, அத அவருகிட்ட காட்டிராதிய. இன்னும் நாலு வரிசதான் பாக்கி. நாளைக்குக் காலைல முடிச்சிருவேன்."

நாலு வரிசைதான் பாக்கியாம். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் முகத்துக்கு நேராக இப்படிச் சொல்வாள். கோமதிசங்கருக்கு ரத்தம் கொதித்தது.

"நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? அவங்களுக்குள்ள வெட்டுக்குத்துன்னு ஆயிடப் போகுது" என்று உமா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதுக்காக, அநியாயத்தைப் பாத்துட்டுச் சும்மா போகச் சொல்றியா?"

கோயில் தெருவில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. மரத்தூண் வைத்த பழைய ஓட்டு வீடு. கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார் சிவனணைந்தபெருமாள். தலைமாட்டில் ஒரு துண்டும், தேங்காய் வெட்டுகிற அரிவாளும் கிடந்தன. உமா அரிவாளைப் பார்த்தாள். கோமதிசங்கர் பார்க்கவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டுகிற அவசரம் அவருக்கு.

பெரியவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். பெரியவரின் தாடை இறுகியது.

"எப்ப எடுத்தது?"

"இப்பத்தான் சார். நாலு வரிசைதான் பாக்கியாம். நாளைக்கு வந்து முடிச்சிடுவாங்களாம். அவங்க வாயாலயே சொன்னாங்க."

"நாலுதானா? மத்ததெல்லாம் முடிச்சிட்டாளா?"

பெரியவரின் கை தலைமாட்டுப் பக்கம் போனது. உமா பயந்துபோய்க் கணவனின் தோளைப் பற்றினாள். அந்தக் கை அரிவாளைத் தாண்டிப் போய்த் துண்டை எடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோமதிசங்கர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. "போலீசுக்குப் போங்க சார், நானே சாட்சி சொல்றேன். மஞ்சளா அது என்ன மருந்துன்னு..."

"மருந்தில்ல தம்பி. பூவுல உள்ள பொடிதான். இந்தச் சாரக்காத்துக்கு ஒரு தேனீ எறங்கல. இப்படிப் பூவுக்குப் பூ துணியால தொட்டு விடலேன்னா உள்ள பருப்பு பிடிக்காது, வெறும் சக்கையாப் போயிரும். எல்லாத் தோட்டமும் ஒண்ணாப் பூத்திருக்கு, கூலிக்கு ஆளே கெடைக்கல. இந்த வருசம் நம்ம வெள்ளாமை போச்சுன்னு நெனச்சுத்தான் படுத்துக் கெடந்தேன்."

கோமதிசங்கருக்கு முகம் சுண்டிப்போனது.

"அந்தம்மாவை என்னென்னவோ நினைச்சுட்டேன் சார். இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுடறேன். நீங்க பாத்துட்டுக் கண் கலங்கினதையும் சொல்லிடறேன்."

பெரியவர் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத மட்டும் சொல்லிராதிய தம்பி. நான் தூங்கிட்டு இருந்தேன், எதையும் காட்டலன்னு ஒரே ஒரு பொய் சொல்லிட்டுப் போங்க. நான் பாத்தது தெரிஞ்சா, நாளைக்கு அவ வரமாட்டா."