இரண்டாம் திகதிச் செலவு

“மனிசருக்கு ஒளிக்கலாம், றஜிந்தன். மென்பொருளுக்கு ஒளிக்கேலாது,” என்றார் கிறகரி, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தபடி.

எதிரே இருந்த றஜிந்தன் தலையை ஆட்டினான். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுபவன். நாளொன்றுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அந்த ஊமைக் குணத்தோடு பன்னிரண்டு வருடம் மாரடித்துக் களைத்துத்தான் கிறகரியின் தங்கை றோசா விவாகரத்துக் கேட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியஸ்தரிடம் போகவேண்டும். அதற்கு முன், றோசாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் எவ்வளவு தாபரிப்புப் பணம் என்று வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்பது கிறகரியின் ஏற்பாடு. மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பாதிச் சனத்துக்கு வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஒரு மாதச் சந்தா கட்டி, வழக்கறிஞர்கள் பாவிக்கிற மென்பொருளையே வாங்கிவிட்டார்.

றோசா நெடுஞ்சாலையில் வீதி வேலைக்குள் மாட்டுப்பட்டிருந்தாள். அவள் வரும்வரை காத்திருக்க அண்ணனுக்குப் பொறுமை இல்லை.

“பிள்ளையள் ரெண்டு. ஒரு கிழமை உம்மோடை, ஒரு கிழமை தாயோடை. சரிதானே?”

“ஓம் மச்சான். அதை மட்டும் மாத்தாதேங்கோ.”

அன்றைய பத்து வார்த்தையில் பாதி அதிலேயே போய்விட்டது.

மென்பொருள் பிரெஞ்சில் பணிவாகக் கேட்டதைக் கிறகரி தமிழில் அதட்டிக் கேட்டார். சம்பளம், மேலதிக நேரம், சனிக்கிழமை ஓட்டம். றஜிந்தன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அதில் கிறகரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிடிக்க ஒரு கள்ளம்கூட இல்லையென்றால் சந்தாக் காசு வீண்.

அடுத்தது செலவுப் பக்கம். வங்கிக் கூற்றுகளை மேசையில் பரப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலை ஓட்டினார். வாடகை. காப்புறுதி. பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு.

விரல் நின்றது.

“இதென்ன? ஒவ்வொரு மாசமும் ரெண்டாம் திகதி இருநூறு டொலர். மட்டக்களப்புக்கு.”

றஜிந்தன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான்.

“திரேசம்மா எண்டு கிடக்கு. ஆர் இந்தத் திரேசம்மா?”

அந்தப் பெயரைக் கிறகரி வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. றஜிந்தனின் தாய் இறந்து பத்து வருடமாகிறது. கூடப்பிறந்த பெண்களும் இல்லை. சம்பந்தம் பேசியவரே கிறகரிதான். அவனுடைய வம்சமே அவருக்கு மனப்பாடம்.

“அந்தச் செலவை விடுங்கோ மச்சான். இல்லாத மாதிரிப் போடுங்கோ. தொகை எவ்வளவு கூடினாலும் நான் தாறன்.”

கிறகரிக்கு மயிர் கூச்செறிந்தது. என் செலவைக் கழிக்காதே என்று கெஞ்சுகிற ஆணை எந்த மத்தியஸ்தர் கண்டிருப்பார்?

“அப்ப விசயம் இருக்கு.”

“றோசா வரமுன்னம் அதை எடுத்துவிடுங்கோ. உங்களுக்குத்தான் நல்லம்.”

“என்னையே வெருட்டுறியோ?” அதுவரை இருந்த மரியாதை பறந்துவிட்டது.

“ஐயோ, அப்பிடி இல்லை மச்சான். அந்தத் திரேசம்மா வந்து...”

“வாயை மூடு! ஊரிலை ஒருத்திக்குப் படியளந்துகொண்டு, இஞ்சை ஒண்டும் தெரியாத பூனை மாதிரி இருந்திருக்கிறாய். அதுதான் வீட்டிலை வாயே திறக்கிறேல்லை!”

கிழமை விட்டுக் கிழமை என்று போட்டதைக் கிறகரி ஒரே தட்டில் அழித்தார். பிள்ளைகள் தாயோடு முந்நூற்றறுபத்தைந்து நாள். தகப்பனோடு சுழியம். தொகை துள்ளி ஏறியது.

“பார்! செவ்வாய்க்கிழமை இதைத்தான் நீட்டப்போறன். இனிப் பிள்ளையளைப் படத்திலைதான் பார்ப்பாய்.”

றஜிந்தன் அந்தச் சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. கள்ளனுக்கு அழுகையும் வருமோ என்று கிறகரி வியந்தார். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, வாசல் கதவு திறந்தது.

“ஆறு கிலோமீற்றருக்கு ஒண்டரை மணித்தியாலம்!” என்று அலுத்துக்கொண்டே றோசா சப்பாத்தைக் கழற்றினாள்.

“இப்பிடி இரு தங்கச்சி. முதல்லை தண்ணியைக் குடி. மனசைத் திடப்படுத்திக்கொள்,” என்றார் கிறகரி. குரல் தழுதழுத்தது. தன் குரல் இவ்வளவு நன்றாகத் தழுதழுக்கும் என்று அவருக்கே தெரியாது. “நீ இந்த மனிசனை நம்பினது போதும். இவன் மாசாமாசம் ஒருத்திக்குக் காசு அனுப்புறான். அண்ணன் நான் இருக்கிறதாலை பிடிபட்டுது. இந்தா, உன்ரை கண்ணாலையே பார்!”

றோசாவின் முகம் கறுத்தது. கூற்றை வாங்கினாள். கிறகரி விரல் வைத்த இடத்தை வாசித்தாள். அடுத்த மாதத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த மாதத்தையும் புரட்டினாள். றஜிந்தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அவள் புருஷனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் தமையன் பக்கம் திரும்பினாள்.

“இது மட்டக்களப்பிலை படுக்கையிலை கிடக்கிற எங்கடை அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுற திரேசம்மா அக்கா எல்லோ? அவவின்ரை சம்பளத்தை நாலு வருசமா நீங்கள்தான் அனுப்புறீங்கள் எண்டுதானே இவர் எனக்குச் சொன்னவர், அண்ணை?”