புள்ளியில் தொடங்கும் பெயர்

"மீட்பு முடிந்தது" என்று புதிய லினக்ஸ் போன் சொன்னதும் சிவகுரு துள்ளிக் குதித்தான். விபத்தில் மூளை அடிபட்ட பிறகு அவன் மனைவி இளவேனியின் நினைவுகள் அவள் தலையோடு இணைத்த போனில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பழைய போனின் பேட்டரி உப்பிவிட்டதால், கட்டளையைத் தட்டி அவனே எல்லாவற்றையும் நகல் எடுத்திருந்தான்.

இளவேனி கண் திறந்தாள். "ஏனுங்க, பசிக்குதுங்க! அரிசிம்பருப்பு சோறு ஆக்கட்டுங்களா?"

அவளுடைய கேலி, கோபம், பாதியில் விட்ட பாட்டு, எல்லாமே வந்திருந்தன! அவளைத் தூக்கிச் சுற்றினான். ஒரு வருடமாக அவள் இப்படிச் சிரித்ததே இல்லை.

சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் போய் நின்றாள். "இந்தப் பாப்பா யாருங்க?"

சிவகுரு பழைய போனைத் திறந்து பார்த்தான். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புறைகள் கண்ணுக்குத் தெரியாது; தனியாகச் சொன்னால்தான் நகலாகும். அவன் சொல்ல மறந்திருந்தான். போன வருடம் காய்ச்சலில் இறந்துபோன மகளின் நினைவுகளை, தன் அழுகை வெளியே தெரியக் கூடாதென்று, இளவேனி அப்படித்தான் வைத்திருந்தாள்: ".யாழிசை".

கேபிளை எடுத்தான். செருகக் கை வரவில்லை.

"சிரிப்பு அப்படியே என்னையாட்டவே இருக்குதுங்க!" குதூகலமாகத் திரும்பினாள் அவள். "நமக்கும் இப்படி ஒண்ணு பொறந்தா எப்படி இருக்கும்!"