வெள்ளைப் பட்டை தைத்த கால்

பாரிஸ் வெயிலில் கறுப்புச் சுவர் தகிக்கிறது. வலது முழங்காலில் குண்டடி என்று சொல்லும் சிப்பாய் அன்செல்முக்கு முகம்வரை கறுப்பு உடை. கேமராவைப் பார்த்த இடது காலில் மட்டும் வெள்ளைப் பட்டை; கறுப்புச் சுவருக்கு முன்னால் படத்தில் விழுவது அது மட்டும்தான். நொண்டல் பொய்யென்று படம் காட்டினால் நாளைக்கே போருக்குக் கப்பல். "நடப்பா ராசா, ஒரு அடி விடாம இந்தப் பெட்டி பிடிச்சுடும்," என்கிறார் ராணுவ டாக்டர். கேமராப் பெட்டிக்குள், ஒளியை விட்டுவிட்டு உள்ளே விடும் துளைத்தட்டு கடகடவென்று சுழல்கிறது. படத்தில் விழுவது அந்தக் கால்தானே என்ற பதற்றத்தில், அன்செல்ம் பட்டை தைத்த இடது காலை இழுத்து இழுத்து நொண்டுகிறான். கால் மாறிவிட்டதை வேலியோரம் நிற்கும் அவன் மனைவி ஒதீல் பார்த்துவிடுகிறாள். கத்த முடியாது. அவன் கண்ணில் படட்டுமென்று தன் வலது முழங்காலை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறாள். அன்செல்ம் திரும்பவில்லை. டாக்டர் திரும்புகிறார். "ஏம்மா, உனக்கும் வலது காலா?"