வேனுக்கு அடியில் தங்கை

"உன் புருஷன் மெக்கானிக்குன்னு இனிமே வெளியில சொல்லாதடி. கேக்கிறவங்க சிரிப்பாங்க."

அக்கா இன்னும் கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்ற பழைய கேம்பர் வேனுக்கு அடியிலிருந்து தங்கையின் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தங்கையின் கணவரோ படியில் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயே படுக்கையும் அடுப்பும் இருக்கும் வேன் அது. மறுநாள் காலையில் அக்காவும் தங்கையும் அதில் கிளம்புவதாக ஏற்பாடு. ஓட்டப்போவது தங்கை. புருஷன், பிள்ளை என்று யாரும் கூட வராமல் இருவரும் போகிற முதல் பயணம். அந்த நேரம் பார்த்துத்தானா சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாக வேண்டும்? இன்றைக்குள் புதுசு மாட்டாவிட்டால் பயணம் அம்பேல்.

"வந்துட்டியா அக்கா? இந்த ஒரு நட்டுதான் அசைய மாட்டேங்குது." வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அக்கா படிப்பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, ஊரான் வண்டிக்கெல்லாம் அடியில புகுந்து எழுந்திரிக்கிறீங்க. பொண்டாட்டி வண்டின்னா மட்டும் முதுகு வளையாதா?"

"அவ வண்டி. அவ பாக்கட்டும்க்கா" என்றார் அவர், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்காரர் என்னை ஒரு பல்பு மாத்த விடமாட்டார், தெரியுமா?"

"அதான் அவர் வெளியூர் போனப்ப ஒரு வாரம் இருட்டுல உட்கார்ந்திருந்தியே" என்றது வேன்.

அக்கா காதில் விழாததுபோல் பெட்டியை இறக்கினாள்.

தங்கை துருவை இளக்கும் எண்ணெயை இன்னொரு முறை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாள். கிரீச்சென்று அலறிவிட்டு நட்டு வழிக்கு வந்தது. பழைய சைலன்சர் துருவைக் கொட்டிக்கொண்டு கீழே விழுந்தது. முகமெல்லாம் செங்கல் பொடி அப்பியதுபோல் வெளியே வந்து பல்லைக் காட்டினாள் தங்கை.

புதியதை ஏற்றினாள். முன்னாலிருந்து ஒவ்வொரு இணைப்பாக அழுத்தி இறுக்கிக்கொண்டே பின்பக்கம் வந்தாள். வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

தகர டப்பாவைத் தெருவில் உருட்டிவிட்டதுபோல் ஒரே கடகடச் சத்தம்.

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. "எங்கேயோ இடிக்குது."

"இடிக்கும்" என்றார் கணவர்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" அக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் வாயைத் தச்சு வச்சுக்கிட்டிருந்தீங்களா?"

"நடுவழியில சத்தம் வந்தா, சொல்றதுக்கு நான் பக்கத்துல இருப்பேனா?"

"பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை!"

தங்கை இதையெல்லாம் கவனிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றவள், சட்டென்று தலையில் தட்டிக்கொண்டாள். "எல்லாத்தையும் லூசா தொங்கவிட்டு, நேர் பாத்துட்டுத்தானே இறுக்கியிருக்கணும்! நான் அவசரக்குடுக்கை, ஒண்ணொண்ணா இறுக்கிட்டே வந்துட்டேன்."

மறுபடி படுத்தாள். இறுக்கியதையெல்லாம் தளர்த்தினாள். சைலன்சரை ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியும் அசைத்து, எங்கும் ஒட்டாமல் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டாள்.

இந்த முறை, ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி வண்டி மெல்ல முனகியது.

தங்கை ஆசையாகக் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வேனுக்கு அடியில் படுத்து, புகை கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

தங்கை கை கழுவ உள்ளே போனாள். அவர் அடியிலேயே கிடந்தார்.

"இன்னும் என்ன தம்பி, குத்தம் தேடுறீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

"போயிட்டாராக்கா?" திரும்பி வந்த தங்கை ஈரக் கையோடு தெருவைப் பார்த்தாள். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

பட்டறை தெருக்கோடியில் இருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் அவர். கையில் செல்போன், சுற்றிலும் நாலைந்து பேர். வேலை நேரத்தில் படம் பார்க்கிறாரா?

"வந்ததிலிருந்து ஒரு வண்டியைத் தொடலம்மா இவரு" என்று அக்காவிடம் அலுத்துக்கொண்டார் ஒரு லாரி டிரைவர். "வர்றவங்களையெல்லாம் நிறுத்தி வச்சு அதையே காட்டறாரு."

அக்கா எட்டிப் பார்த்தாள். திரையில் தங்கையின் வேன், அதுவும் அடிப்பக்கம்.

"இந்த வளைவைப் பாருங்க. சுத்தி விரல் நுழையிற இடைவெளி, எங்கேயாவது உரசுதா? ஒரு பொட்டுப் புகை கசியல, கைவச்சுப் பாத்துட்டேன். நான் மாட்டினாக்கூட இவ்வளவு நேரா நிக்காது."

"அது நிக்கட்டும். என் பிரேக்கை எப்ப பாப்பீங்க?" என்றார் லாரி டிரைவர்.

"பாக்கலாம், பாக்கலாம். முதல்ல இந்த கிளாம்ப்பைப் பாருங்க!"

அக்கா கொண்டுவந்த நாலு வார்த்தையையும் அப்படியே மடித்து வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்தே கேட்டாள்: "யாரு மாட்டினது இதை?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பாடா! யாராவது இதைக் கேக்கணும்னுதானே இவ்வளவு நேரமா காட்டிக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டிங்க!"