வாசற்படிப் பலகை

23.3.1979, வெள்ளி.

மாலை வகுப்புப் பாடங்களை வீட்டில் உட்கார்ந்து எழுத எனக்கு ஒரு பெஞ்சு தேவைப்பட்டது. திருப்புலிவனத்தில் இடித்த வீடொன்றின் வாசற்படிப் பலகையை விறகு விலைக்கு வாங்கி இழைத்தேன். உடைந்த கட்டிலின் கால்களை அதில் அறைந்து, சுவரோரம் போட்டேன். வாசற்படியில் உட்காரக் கூடாது என்பார்கள். பெஞ்சான பிறகு அது வாசற்படி இல்லை என்று நினைத்தேன். சரியாக நினைத்தேனா என்று தெரியவில்லை.

போன இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் விடிந்தபோது பலகையில் ஈர மஞ்சளும் குங்குமமும் இருந்தன. அண்ணி என்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

“இன்னா பவளம், மஞ்சா பூசி என்னைப் பயம் காட்டிக்கினு கீறியா? இன்னொரு வாட்டி தெரிஞ்சுது, பலகையோட நீயும் வெளிய.”

தூக்கத்தில் நானே பூசுகிறேனோ என்று எனக்கும் சந்தேகம். அதனால் நேற்று அண்ணியின் முந்தானையோடு என் முந்தானையை முடிந்துகொண்டு படுத்தேன். அவள் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. பலகையில் மஞ்சள் இருந்தது. பலகைக்கு முன்னால், எங்கள் பாய் வரைக்கும், புள்ளிக் கோலமும் இருந்தது. கோலத்தை வாசலுக்கு வெளியேதான் போடுவார்கள்.

“அப்போ நாம தெருவுலயா படுத்துங்கீறோம்?” என்றாள் அண்ணி.

பலகைக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து, ஒரு பெண் அதட்டினாள்: “யாரு அது வாசல்ல? எந்திரிச்சி போங்க அப்பால.”