அடல்பெர்ட்டோ அரிசி பொறுக்கினான்

“பண்ணைக்காரன் மகன்டி! அவன் போய் அவளோட சமையல்கட்டுல உட்கார்ந்து அரிசியில கல்லு பொறுக்கினான்னா பாரேன்!”

“எனக்கு அழுகையே வந்துடுச்சு. பலகையைத் தட்டித் தட்டிக் கையும் வலிச்சுப்போச்சு.”

கொல்லை வேலிக்கு இந்தப் பக்கம் நெரெய்டா, அந்தப் பக்கம் சோராய்டா. சாந்தா கிளாரா ஊர்ச் சுருட்டு ஆலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அங்கே கார்மேலோ என்பவர் மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் மதியத்தில் நாவலும் உரக்க வாசிப்பார். இருநூறு பேர் புகையிலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். கதை பிடித்துவிட்டால், இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல்.

வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த நெரெய்டாவின் புருஷன் எவேலியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக எப்போது பார்த்தாலும் அடல்பெர்ட்டோ பேச்சுதான். முதல் நாள் அந்தப் பெயர் காதில் விழுந்தபோது, “யாருடி அவன்?” என்று நாற்காலி கவிழ எழுந்தே விட்டான்.

“மதியம் வாசிக்கிற நாவல்ல வர்றவன்யா, மடையா!” என்று நெரெய்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அசடு வழிய உட்கார்ந்துவிட்டான். ஆனால் அன்று பிடித்த வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்காமலும் இருக்க முடியாது.

“இன்னிக்கு என்ன பண்ணினான் உன் ஆளு?” கறுப்புப் பயறைச் சோற்றில் பிசைந்தபடி, ஏதோ போனால் போகிறதென்று கேட்பதுபோல் கேட்பான்.

“வெள்ளம்னா வெள்ளம்! அதுல குதிரையை விட்டு ஆத்தைத் தாண்டிட்டான்.”

“அவ்வளவுதானா?”

“காலையில அவளுக்கு முன்னாடியே எழுந்து காபி போட்டு, படுக்கைக்கே கொண்டுவந்தான்.” வாழைப்பழ வறுவல் வாய்க்குப் போகாமல் கையிலேயே நிற்க, நெரெய்டா எங்கேயோ பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “ஹும். உலகத்துல அப்படியும் ஆம்பிளைங்க இருக்காங்க.”

குதிரைக்கு எவேலியோ எங்கே போவான்? காபி போடலாம். மறுநாள் போட்டான்.

அதற்கடுத்த நாள் அரிசித் தட்டோடு உட்கார்ந்தான். அடல்பெர்ட்டோ சேவல் சண்டைக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான் என்று கேள்விப்பட்டதும், பேஸ்பால் இறுதி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, மனைவியின் தொடர் நாடகத்துக்கு டிவியைத் திருப்பிவிட்டான். ஆட்டம் பார்க்க வந்திருந்த சிநேகிதர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

காகிதத்தில் இருக்கிறவனோடு மல்லுக்கு நிற்கிறோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது நெரெய்டாவின் முகம் மலர்கிறதே, தன் பெயரைச் சொல்லி அப்படி மலர்ந்து எத்தனை வருடம் ஆயிற்று? அவள் கை நழுவிப் போய்விடுவாளோ என்று அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

சனிக்கிழமை எவேலியோவின் சலூனுக்குச் சவரம் செய்துகொள்ள வந்தார் கார்மேலோ. கழுத்தில் கைக்குட்டை சுற்றியிருந்தார். அதை அவிழ்த்து, நுரை தடவி, ஒரு கன்னத்தை முடித்துவிட்டுத் தொண்டைப் பக்கம் வந்தபோது எவேலியோவால் அடக்க முடியவில்லை.

“கார்மேலோ அண்ணே, கடைசியில அந்த அடல்பெர்ட்டோ பிழைப்பானா, சாவானா?”

“எந்த அடல்பெர்ட்டோ?” குரல் வெறும் காற்றாக வந்தது.

“அதான், நாவல்ல வர்றவன். ரெண்டு வாரமா நீங்க வாசிக்கிறீங்களே.”

“நான் எங்கேப்பா வாசிச்சேன்? தொண்டை போய் இருபத்து மூணு நாளாச்சு. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மேடை காலியாத்தான் கிடக்கு. அங்க ரேடியோவைப் போட்டு விட்டிருக்காங்க.”

கத்தி அவர் தொண்டையிலேயே நின்றது.

“அப்போ... ஆலையில அந்தப் பேர்ல ஆளு யாராவது?”

“இருநூறு பேர்ல எவனாவது இருப்பான். நீ முதல்ல கத்தியை எடுப்பா!”

கத்தியை மேஜையில் போட்டுவிட்டு, அரைச் சவரத்தோடு அவரை அப்படியே விட்டுவிட்டு நடந்தான் எவேலியோ. நடந்தானா, ஓடினானா என்று அவனுக்கே தெரியாது. காபி போட்டுப் படுக்கைக்கே கொண்டுவந்தான் என்றாளே, எந்தப் படுக்கைக்கு? யாருடைய சமையல்கட்டில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினான்? எல்லாவற்றையும் வாய் கூசாமல் என்னிடமே சொல்லியிருக்கிறாள்! இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கொல்லை வழியாக நுழைந்தவன், நெரெய்டாவின் குரல் கேட்டு, காயப்போட்டிருந்த துணிகளுக்குப் பின்னால் நின்றான்.

“எவேலியோ இன்னிக்கு இந்தத் துணியெல்லாம் அலசிப் போட்டுட்டுத்தான்டி கடைக்குப் போனான். அவன் அரிசி பொறுக்கறப்போ நீ பார்க்கணுமே! நாக்கைத் துருத்திக்கிட்டு, ஒவ்வொரு கல்லா எடுத்து... அழகாத்தான்டி இருக்கான் என் புருஷன்.”

“சரிதான். கார்மேலோ திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுவாராம். மாட்டிக்கிறதுக்குள்ள உன் அடல்பெர்ட்டோவைச் சாகடிச்சுடு” என்றாள் சோராய்டா.

“ஐயோ, அதுக்குள்ளயா? மழைக்காலம் வருதேடி, எங்க கூரை வேற ஒழுகுது. முதல்ல அவன் கூரையில ஏறி ஒழுகலை அடைக்கட்டும், அப்புறம் சாகட்டும்!”