அப்புறம் சார்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. "அய்யோ அம்மா!" என்று கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டார் என்ஜினியர்.

கூட இருந்த எடிட்டரம்மா பதறாமல் அவசர பட்டனை அழுத்தினார். "அண்ணே, லிஃப்ட் நின்னுடுச்சு."

"பயப்படாதீங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றது ஸ்பீக்கரில் லிஃப்ட் மெக்கானிக்கின் குரல்.

என்ஜினியர் செல்போனை மேலே தூக்கிப் பார்த்தார், தரையோடு வைத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. வியர்வை வழிந்து சட்டைப்பையில் இருந்த பேனாக்களை நனைத்தது.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் தயாரிக்கிற கம்பெனி அது. மெஷினை வடிவமைத்து, அதை எப்படிக் கையாள வேண்டும் என்று நர்சுகளுக்குக் கையேடும் எழுதியவர் இவர்தான். அதைத் திருத்தி மறுநாள் அச்சுக்கு அனுப்ப வேண்டியவர் எடிட்டரம்மா. அவர் சந்தேகம் கேட்கப் போனபோதெல்லாம் "மீட்டிங் இருக்கு, அப்புறம்", "இப்பதான் மீட்டிங் முடிஞ்சுது, அப்புறம்" என்று நழுவி நழுவியே, என்ஜினியர் ஆபீசில் 'அப்புறம் சார்' என்று பெயர் வாங்கியிருந்தார்.

"சார், சும்மாதானே நிக்கிறோம். ஒரு சந்தேகம் கேக்கட்டுமா?" கைப்பையிலிருந்து கையேட்டின் பக்கங்களை உருவினார் எடிட்டரம்மா.

"உயிரே போயிட்டிருக்கு, இப்பவா? அப்பு..." என்று ஆரம்பித்தவர், நாலு பக்கமும் சுவரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எடிட்டரம்மா வாசித்தார்: "அபாய ஒலி எழும்பட்சத்தில் அலகின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டு, அலகு வெளியே எடுக்கப்பட்டு, ஆய்வு செய்யப்பட்டு, தேவைப்படின் மாற்றப்பட வேண்டும்."

"கரெக்டாத்தானே இருக்கு?"

"இத்தனை பட்டு ஜவுளிக்கடையிலகூட இருக்காது சார். யாரு துண்டிக்கணும்? மெஷினே துண்டிச்சுக்குமா, இல்ல நர்ஸா?"

"நர்ஸ்தான். மேடம், இது டெக்னிக்கல் மேட்டர், உங்களுக்குப் புரியாது."

"புரியாமத்தான் சார் கேக்கறேன். அலகுன்னா எது?"

"முதல் அலகு ஹீட்டர். ரெண்டாவது அலகு, குழந்தையைப் படுக்க வைக்கிற தட்டு" என்றார் அவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகத்தோடு.

"அப்ப குழந்தை எங்க?"

"தட்டுலதான் இருக்கும்!"

"சரி. தட்டை வெளிய எடுத்து, ஆய்வு செஞ்சு, தேவைப்பட்டா குழந்தையையும் மாத்திடுவாங்களா?"

ஸ்பீக்கர் கரகரத்தது. "மேடம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னும் கொஞ்சம் ஆகும்ணே."

"சீக்கிரம்யா! மூச்சு முட்டுது!" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கும்பிட்டார் என்ஜினியர். பிறகு எடிட்டரம்மா பக்கம் திரும்பிச் சீறினார். "அலாரம் அடிச்சா முதல்ல குழந்தையைத்தான் மேடம் எடுக்கணும்! அதைக்கூடவா எழுதுவாங்க?"

"நீங்க எழுதலையே சார்."

என்ஜினியர் பக்கத்தைப் பிடுங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். மின்னிணைப்பு இருந்தது, ஆய்வு இருந்தது, பக்க எண்கூட இருந்தது. குழந்தை மட்டும் எங்கேயும் இல்லை.

"அலாரம் அடிக்கிற நேரத்துல அந்த நர்ஸ் தனியா வேற இருப்பாங்க" என்றார் மெதுவாக. "அலகு எதுன்னு யாரைப் போய்க் கேப்பாங்க? அந்தப் பென்சிலைக் கொடுங்க."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். 'அலாரம் அடித்தால் முதலில் குழந்தையை வெளியே எடுங்கள். பிறகு ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். பிறகு தட்டை வெளியே இழுங்கள்.'

"அருமை சார். வெப்ப அளவு, எண்ணு எதையும் நான் தொடலை, அதெல்லாம் உங்க சொத்து. யாரு, எதை, எப்போ செய்யணும்கறது மட்டும்தான் என் பாடு."

"அடுத்த பக்கத்தைக் காட்டுங்க" என்றார் என்ஜினியர். மூச்சு முட்டுவதை மறந்துவிட்டிருந்தார். அடித்தார், எழுதினார், ஓர் இடத்தில் "எந்த முட்டாள் இதை எழுதினான்?" என்று கேட்டுவிட்டு, எழுதியது தான்தான் என்பது நினைவுக்கு வந்து காதைச் சொறிந்துகொண்டார்.

கடைசிப் பக்கமும் முடிந்தது. எடிட்டரம்மா ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, "அண்ணே, பாருங்களேன், இப்ப ஓடுதான்னு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, லிஃப்ட் சாதுவாக நான்காம் மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தது.

வெளியே மெக்கானிக் நின்றிருந்தார். என்ஜினியர் பாய்ந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக் குலுக்கினார். "உயிரைக் காப்பாத்தினீங்க! தெய்வம்யா நீங்க!"

பிறகு எடிட்டரம்மாவிடம் திரும்பினார். "மேடம், இனிமே எந்தச் சந்தேகம்னாலும் நேரா என் ரூமுக்கே வாங்க. இந்தப் பாழாப்போன லிஃப்ட்ல மட்டும் இனி நான் ஏற மாட்டேன்." சொல்லிவிட்டு, தன் அறை இருந்த ஆறாம் மாடிக்குப் படிக்கட்டில் தாவித் தாவி ஓடினார்.

எடிட்டரம்மா லிஃப்டை விட்டு இறங்கவில்லை. முடித்த பக்கங்களைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வேறு சில பக்கங்களை வெளியே எடுத்தார்.

மெக்கானிக் உள்ளே தலையை நீட்டினார்.

"மேடம், அடுத்த என்ஜினியரை ஏத்தி விடவா?"